பிள்ளைகள் நடத்தும் வீடுகள்

(நமது சங்கத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டக் கிளைகள் கூட்டாக நடத்திய குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. பேசியபடியே தருகிறோம், இரண்டொரு இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



நாம் கூடும்போதெல்லாம் கூலி, போனஸ், கிராஜுவிட்டி, பட்டா என்று பேசுகிறோம். பேசித்தான் தீரவேண்டும். அவற்றைப் பற்றி இன்று பேசுவதற்கு வேறு தோழர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில், இதுவரை நமது தீர்மானம் எதிலும் இடம்பெறாத ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறோம்.

இந்த ஆண்டு சந்தா புதுப்பிக்க வீடு வீடாகப் போன தோழர்கள் கொண்டுவந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தோம். 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் சில வீடுகளுக்குப் பெயர் எழுதாமல் வெறும் கோடு போட்டிருந்தது. ஏன் என்று கேட்டோம். "பெரியவங்க யாரும் இல்லைங்க, புள்ளைங்க மட்டும்தான் இருக்குதுங்க. சந்தா கேக்க மனசு வரலை" என்றார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சந்தாவை விட்டதோடு அந்த வீட்டையே நாம் விட்டுவிட்டோம். கோடு போட்ட வீட்டுக்குக் கூட்ட நோட்டீசு போவதில்லை. அந்த வீட்டு விஷயத்தைக் கமிட்டியில் யாரும் எடுப்பதில்லை. அரசாங்கத்தின் பதிவேட்டில் அந்த வீடு இல்லை என்று புகார் சொல்ல நாம் புறப்படுமுன், நமது பதிவேட்டிலேயே அது இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த வீடுகளுக்குத் திரும்பப் போனோம். மூணாறு டவுனை ஒட்டிய காலனிகளிலும், லயங்களிலும், பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோடு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தகரக் கொட்டகைகளிலும் பார்த்தவற்றை வைத்தே பேசுகிறோம். பிள்ளைகளின் பெயரையும், எந்த லயம் எந்த லைன் என்பதையும் சொல்லமாட்டோம். ஏன் என்பது பிறகு விளங்கும்.

எல்லா வீடும் ஒரே மாதிரி இல்லை. தாய் தகப்பன் இருவரும் இறந்துபோன வீடுகள் சில. தாய் இறந்து, தகப்பன் திருப்பூர்ப் பக்கமோ கோயம்புத்தூர்ப் பக்கமோ வேலை தேடிப் போய், முதலில் மாதம் ஒருமுறையும் பிறகு தீபாவளிக்கும் வந்து, கடைசியில் வராமலே நின்றுபோன வீடுகள் சில. தகப்பன் வீட்டிலேயே இருக்கிறார், ஆனால் பக்கவாதமோ குடியோ அவரைக் கட்டிலில் போட்டுவிட்டது என்ற வீடுகளும் உண்டு. கணக்கெடுப்பில் இந்தக் கடைசி வீட்டுக்குத் தலைவர் அவர்தான். ஆனால் உலை வைப்பதும், ரேஷன் வாங்குவதும், அவருக்கு வேட்டி மாற்றிவிடுவதும் பதினாலு வயதுப் பெண்பிள்ளை.

இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும். ஏலத்தோட்டங்களுக்காகப் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலைக்கு வந்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் விடிகாலை முதல் இரவு வரை தலைமை யார்? மூத்த பிள்ளைதான். அந்த ஜீப்பு ஒருநாள் வளைவில் கவிழ்ந்துவிட்டால், பகல் தலைமை முழுநேரத் தலைமையாகிவிடும்.

பிள்ளை நடத்தும் வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அலங்கோலமாக இருக்கும் என்றுதான் நாமும் நினைத்துப் போனோம். நாம் பார்த்தவற்றில் பல, நம்முடைய வீடுகளைவிடச் சுத்தமாக இருந்தன. பாத்திரம் கவிழ்த்து அடுக்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்து உடுப்பு துவைத்து அடுப்புக்கு மேலே கொடியில் காய்கிறது. மூணாற்றுக் குளிரில் வெளியே காயாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. யாராவது வந்து பார்த்துவிட்டு, 'இந்தப் பிள்ளைகளால் சமாளிக்க முடியவில்லை' என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே அந்தச் சுத்தம். பயத்தில் கூட்டிப் பெருக்கிய வீடு அது.

எதற்குப் பயம்? பிரித்துவிடுவார்கள் என்ற பயம். அநாதைப் பிள்ளைகள் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்தால் ஹோமுக்கு அழைத்துப் போவார்கள். அங்கே ஆண்பிள்ளைக்கு ஓரிடம், பெண்பிள்ளைக்கு ஓரிடம். அண்ணன் ஒரு ஊரில், தங்கச்சி இன்னொரு ஊரில். இது அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே பொய் சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். "அம்மா எங்கேப்பா?" என்று வாத்தியார் கேட்டால் "ஊருக்குப் போயிருக்காங்க சார்" என்பது பதில். எந்த ஊர், எப்போது வருவார்கள், ஏன் போனார்கள் என்பதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கிறது. ஆறு வயதுத் தம்பிக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எட்டு மாதம் முன்பு காரியம் முடிந்த தாயை 'ஊருக்குப் போயிருக்காங்க' என்று தினமும் சொல்லும் பிள்ளையின் மனது எந்த நிலையில் இருக்கும்? அது அழுவதற்குக்கூட இடமில்லை. அழுதால் சின்னது மிரண்டுவிடும், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும். நம்மில் யாருக்காவது துக்கம் வந்தால் பதினாறு நாள் உறவுக்காரர்கள் கூட இருந்து அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு மூன்றாம் நாளே உலை வைக்க வேண்டியிருந்தது.

தூக்கமும் போய்விடுகிறது. பெண்பிள்ளை தலைமை தாங்கும் வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அதற்குப் பின்னால் ஆட்டுக்கல்லை உருட்டி வைத்திருந்ததைப் பார்த்தோம். யானைக்காக என்று அந்தப் பிள்ளை சொன்னது. ஆட்டுக்கல்லுக்கு யானை நிற்காது என்று அதற்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் ஒரேயடியாக நின்றுபோவதில்லை. திங்கட்கிழமை தண்ணீர் வரும் நாள், அன்று போகமுடியாது. ரேஷன் வந்த நாள் போகமுடியாது. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் மூன்று நாள் போகமுடியாது. ஏலக்காய் எடுப்புக் காலத்தில் நாலு வாரம். இப்படி ஓட்டை விழுந்து விழுந்து, ஒருநாள் போவதற்கு வெட்கம் வந்துவிடும். 'குழந்தைத் தொழிலாளர்' என்று அந்தப் பிள்ளையின் மேல் முத்திரை குத்துவது சுலபம். 2016-ல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வரை அபாயமான வேலை கூடாது. நல்ல சட்டம், நாம் ஆதரிக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளையை வேலைக்களத்திலிருந்து வெளியேற்றும் சட்டம், அன்று சாயங்காலம் அதன் தம்பி தங்கைக்கு யார் அரிசி போடுவது என்பதைச் சொல்லவில்லை.

இப்போது வீட்டுப் பிரச்சினைக்கு வருகிறோம். நகரத்துக் குடிசைப்பகுதியில் தாய் தகப்பன் செத்தால் வாடகைக்காரன் வந்து நிற்பான். தோட்டத்திலோ லயத்து வீடே வேலையோடு கட்டப்பட்டது. வேலை இருக்கும்வரை வீடு. பேர் வெட்டினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று 1951-ம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதி வைத்தது. அது நம் முன்னோர் போராடி வாங்கியது. ஆனால் அந்த வீடு தொழிலாளிக்கு, அதாவது பேர் பதிந்த ஆளுக்கு. அந்த ஆள் இறந்த மறுநாள் உள்ளே உட்கார்ந்திருக்கும் நாலு பிள்ளைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மூன்று தலைமுறை கொழுந்தெடுத்த குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சென்ட் இல்லை. பிள்ளைகள் அங்கே தங்க வேண்டுமானால் ஒரே வழி, மூத்தது 18 முடிந்ததும் பேர் பதிய வேண்டும்.

இங்கே நாம் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேடையில் பிறர் தவறை மட்டும் பேசுவது நியாயமில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் தகப்பனும் பின்னால் தாயும் இறந்துபோன வீடு. மூத்த பெண்பிள்ளை பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தது, 18 முடிய ஐந்து மாதம் இருந்தது. கீழே இரண்டு தம்பிகள். காலி செய்யச் சொன்னார்கள். நமது தோழர்கள் ஆபீசுக்குப் போய்ப் பேசி, அந்த ஐந்து மாத அவகாசம் வாங்கி, 18 முடிந்த வாரமே அந்தப் பிள்ளையைப் பெரட்டுக்களத்தில் நிறுத்திப் பேர் பதிய வைத்தார்கள். மாலை போட்டோம். இந்த ஏட்டிலேயே 'சங்கத்தின் வெற்றி' என்று செய்தி போட்டோம். பரீட்சைக்கு அந்தப் பிள்ளை போகவில்லை. போகவில்லை என்பதை அந்தச் செய்தியில் நாம் எழுதவும் இல்லை. இன்றும் அதே லயத்தில் இருந்து கொழுந்துக்குப் போகிறது. தம்பிகள் படித்து வெளியே போய்விட்டார்கள். போனமுறை பார்த்தபோது, "எங்க மேல கோபமா தாயி?" என்று கேட்டோம். "வீடு இருக்கே அண்ணாச்சி" என்றது. அதற்குமேல் பேசவில்லை.

அன்றைக்கு வேறு என்ன செய்திருக்க முடியும் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அந்த அவகாசத்தை ஐந்து மாதம் என்று கேட்காமல், கடைசித் தம்பிக்கு 18 ஆகும் வரை என்று கேட்டிருக்கலாம். கிடைத்திருக்குமா என்பது வேறு; நாம் கேட்கவே இல்லை.

பீருமேட்டுத் தோழர்கள் இதைவிடப் பெரியதைப் பார்த்தவர்கள். 2000-ம் வருட வாக்கில் அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டபோது, சம்பளமும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. பெரியவர்கள் பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டுக்கு இறங்கினார்கள். லயத்தை விட்டால் பாக்கிப் பணமும் போய்விடும் என்பதால் கிழவிகளையும் பிள்ளைகளையும் வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள். கிழவி கண்ணை மூடிய பிறகு பிள்ளைகளே காவல். மழை ஒழுகும் கூரைக்கு அடியில் கம்பெனியின் கடனுக்குப் பிணையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வேறு எப்படிச் சொல்வது?

பெட்டிமுடியை யாரும் மறக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் மலை இடிந்து நாலு லயத்தை அடித்துக்கொண்டு போனது. 70 பேர். 66 உடல்கள் கிடைத்தன, நாலு பேர் கிடைக்கவே இல்லை. கரண்டும் இல்லை, போனும் இல்லை. வெளி உலகத்துக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் எட்டியது. இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் மட்டும் பிழைத்த பிள்ளைகள் உண்டு. லீவுக்கு வர வீடில்லாமல், தாய் தகப்பன் இல்லாமல், தங்களுக்குத் தாங்களே பொறுப்பானார்கள். அன்றைக்கு இரண்டு அரசுகளும் பணம் அறிவித்தன. குட்டியார்ப் பள்ளத்தாக்கில் எட்டுக் குடும்பங்களுக்கு வீடும் கட்டப்பட்டது. நல்லது. ஆனால் எழுபது பேர் ஒரே இரவில் இறந்தால்தான் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவார்களா என்பதுதான் நமது கேள்வி.

சாவுக்குச் சாவு அரசு வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். காட்டு யானை மிதித்து இறந்தால் கேரளத்தில் நஷ்டஈடு ரூ. 10 லட்சம். கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 2021-ல் மத்திய அரசு, 23 வயதில் ரூ. 10 லட்சம் கிடைக்கும்படி திட்டம் போட்டது. கேரள அரசு ரூ. 3 லட்சம் டெபாசிட்டும் 18 வயது வரை மாதம் ரூ. 2,000-மும் அறிவித்தது. தமிழ்நாடு அரசு ரூ. 5 லட்சம் டெபாசிட் என்றது. காசநோயில் இறந்தால்? பிரசவத்தில் இறந்தால்? மருந்தடித்து மருந்தடித்து ஈரல் கெட்டு இறந்தால்? சாராயத்தில் இறந்தால்? அந்தப் பிள்ளைக்குக் கேரளத்தில் 'சிநேகபூர்வம்' என்ற உதவி இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை மாதம் ரூ. 300, ஆறு முதல் பத்து வரை ரூ. 500, பதினொன்று பன்னிரண்டுக்கு ரூ. 750, கல்லூரிக்கு ரூ. 1,000 என்று வைத்தார்கள். சின்னத் தொகைதான். ஆனால் தாய் தகப்பனில் ஒருவர் இல்லாவிட்டாலும் கேட்கலாம், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் மூலமாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். 'அம்மா ஊருக்குப் போயிருக்காங்க' என்று வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளை எப்படி விண்ணப்பம் போடும்? தகப்பன் எந்த நோயில் செத்தாலும் பிள்ளையின் வயிறு ஒரே மாதிரிதான் காய்கிறது என்பதை அரசு ஏற்க வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் இந்த வீடு எப்படி மறைந்துபோகிறது என்பதையும் பார்க்கலாம். 2013-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி 18 வயது நிரம்பிய மூத்த பெண். அப்படிப்பட்ட பெண் இல்லாமல் வயது குறைந்த பெண்பிள்ளை மட்டும் இருந்தால், அதற்கு 18 ஆகும்வரை வீட்டின் மூத்த ஆண் தலைவர். ஆணுக்கு வயது எழுதவில்லை! பதினாறு வயது அக்காவும் பத்து வயதுத் தம்பியும் இருக்கும் வீட்டில், எழுத்துப்படி பார்த்தால் தம்பிதான் தலைவன். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் சட்டம் எழுதியவர்கள் பெரியவர்களே இல்லாத வீடு ஒன்று இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் சேர வீட்டுக்கு ஒரு பெண், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆக அந்த வீட்டுக்கு அயல்கூட்டமும் இல்லை, கடனும் இல்லை, வாரத்துக்கு ஒருமுறை பக்கத்துப் பெண்கள் கூடிப் பேசும் ஆறுதலும் இல்லை.

2015-ம் வருடச் சிறார் நீதிச் சட்டத்தில் 'ஸ்பான்சர்ஷிப்' என்ற உதவி இருக்கிறது. பிள்ளை குடும்பத்திலேயே இருந்து வளர அரசு பணம் தரும். 2022 முதல் 'மிஷன் வாத்சல்யா'வில் அது மாதம் ரூ. 4,000. இதுதான் நமது பிள்ளைகளுக்கு வேண்டியது என்று சந்தோஷப்பட்டுப் படித்தோம். யாருக்கெல்லாம் என்று சட்டமே சொல்கிறது: தாய் விதவையாகவோ கைவிடப்பட்டவராகவோ இருக்கும் பிள்ளைகள், தாய் தகப்பன் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள், பெற்றோருக்கு உயிர்க்கொல்லி நோய் இருக்கும் பிள்ளைகள், பெற்றோர் விபத்தில் முடங்கிய பிள்ளைகள். தாய் தகப்பன் இல்லாமல் தங்களுக்குள் சேர்ந்து வாழும் அண்ணன் தம்பி அக்கா தங்கை என்ற வகை அதில் இல்லை. அவர்களுக்கு ஹோம்தான். ஒரு சித்தியோ அத்தையோ பெயருக்குப் பொறுப்பேற்றால்தான் பணம் வரும். சித்தி பெயருக்குப் பொறுப்பேற்றுப் பணத்தை வாங்கிக்கொண்ட கதையும் நமக்குத் தெரியும். பொன்னாகப் பார்த்துக்கொண்ட சித்திகளையும் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே நமக்கே உரிய இரண்டு முட்டுக்கட்டைகள். ஒன்று மொழி. 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்று 1969-ம் வருட ஆட்சிமொழிச் சட்டம் உரிமை கொடுத்தது. வில்லேஜ் ஆபீசிலும் அக்ஷயா மையத்திலும் நடைமுறை என்ன என்பது உங்களுக்கே தெரியும். பெரியவர்களுக்கே மலையாளம் எழுதத் தெரிந்த பிள்ளைதான் மனு எழுதிக் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு காரியம் என்றால் யார் எழுதுவது? இரண்டாவது, சாதிச் சான்றிதழ். 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தாய் தகப்பன் இருந்தால் தோட்டத்துப் பழைய ரிஜிஸ்டரைத் தேடி அலைவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை எங்கே போய், பாட்டனின் பாட்டன் எந்தக் கங்காணியோடு மலையேறினான் என்று தேடும்? சான்றிதழ் இல்லை, ஆகவே ஸ்டைபெண்டு இல்லை.

2025 நவம்பர் 1 கேரளப் பிறவி நாளில், மாநிலத்தில் அதிதரித்திரம் ஒழிந்தது என்று அரசு அறிவித்தது. 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்திட்டம் போட்டுக் கைதூக்கிவிட்டதாகச் சொன்னார்கள். இதைக் கேலி செய்ய நாம் வரவில்லை. இந்தியாவில் வேறு எந்த அரசு இப்படி வீடு வீடாகத் தேடியது? தேட முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். அதே கையோடு இன்னொரு கணக்கு எடுக்கட்டும்: 18 வயது நிரம்பாத பிள்ளை பொறுப்பில் எத்தனை வீடுகள்? தோட்டத்து லயத்தையும், பாலக்காட்டு எல்லைக் கொட்டகைகளையும் விடாமல் எடுக்கட்டும். கஞ்சிக்கோட்டு ஆலைகளில் இன்று ஒரிசா, பீகார் தொழிலாளிகளும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் குடிசைகளிலும் இதே கதை நடக்கிறது. நம்முடைய பாஷை இல்லை என்பதற்காக அந்தப் பிள்ளைகளை நமது கோரிக்கையிலிருந்து விட்டுவிடக்கூடாது. நம் பாட்டன்மார் இந்த மலைக்கு வந்தபோது அவர்கள் பாஷையும் இங்கே யாருக்கும் வேண்டாததாகத்தான் இருந்தது.

உலகத்தில் வேறு எங்கும் இதற்கு வழி காணவில்லையா? கண்டிருக்கிறார்கள். 1994-ல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலைக்குப் பின் பிள்ளைகள் நடத்தும் வீடுகள் ஊர் ஊராக உண்டாயின. தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் ஒரு தலைமுறைத் தாய் தகப்பன்மாரைக் கொண்டுபோனது. அந்த நாடு 2005-ல் இயற்றிய பிள்ளைகள் சட்டத்தில் 'பிள்ளை தலைமையிலான குடும்பம்' என்பதை அப்படியே பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. பார்த்துக்கொள்ளப் பெரியவர் யாரும் இல்லாமல், 16 வயதைத் தாண்டிய பிள்ளை பொறுப்பேற்றிருந்தால், பிள்ளைகளின் நலனுக்கு அதுவே ஏற்றது என்று கண்டால், அந்த வீட்டைக் குடும்பமாக அங்கீகரிக்கலாம். மேற்பார்வைக்கு ஒரு பெரியவரை நியமிக்க வேண்டும். அந்தப் பெரியவர், பொறுப்பேற்ற பிள்ளையைக் கலந்துகொள்ளாமல் முடிவு எதுவும் எடுக்கக்கூடாது. தலைமை தாங்குவது பிள்ளை என்ற காரணத்தைச் சொல்லி அந்த வீட்டுக்கு எந்த உதவியையும் மறுக்கக்கூடாது. 2009-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன: பெற்றோரை இழந்த உடன்பிறப்புகள் சேர்ந்தே வாழ விரும்பினால், மூத்த பிள்ளைக்கு மனமும் திராணியும் இருந்தால், அவர்களைப் பிரிக்காமல் கைகொடுக்க வேண்டும்.

கிளைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தோழர் கடுமையாக எதிர்த்தார். பிள்ளையைக் குடும்பத் தலைவன் ஆக்கிச் சட்டம் போட்டால் அரசு கைகழுவிவிடாதா, பிள்ளை பிள்ளையாக இருக்க வேண்டாமா என்று கேட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆபத்து உண்டு. பத்து வயதுப் பிள்ளையைத் தலைவன் ஆக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் துணை இல்லாமல் முடியாது, ஹோமே மேல் என்ற நிலையும் வரலாம். ஆனால் பதினாறு பதினேழு வயதில் ஏற்கெனவே பாரத்தைச் சுமந்து நிற்கும் பிள்ளை விஷயத்தில் நாம் கண்ணை மூடிக்கொண்டால் பாரம் குறைந்துவிடுமா? அங்கீகாரம் என்றால் பாரத்தைக் கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பது அல்ல. மாதப் பணமும், வீடும், மேற்பார்வைக்கு ஒரு பெரியவரும் சேர்ந்தே வரவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தோழர் பயப்படுவது நடந்துவிடும்.

ஆகவே கீழ்க்கண்ட கோரிக்கையை இன்றைய தீர்மானத்தில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி இறந்து வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டும் இருந்தால், கடைசிப் பிள்ளைக்கு 18 ஆகும்வரை லயத்து வீட்டை எடுக்கக்கூடாது; அதற்காக மூத்த பிள்ளை பேர் பதிய வேண்டும் என்ற நிபந்தனையும் கூடாது. ஸ்பான்சர்ஷிப் உதவிக்கான பட்டியலில், தங்களுக்குள் சேர்ந்து வாழும் உடன்பிறப்புகளையும் சேர்க்க வேண்டும். பணம் பிள்ளையின் கைக்கே வரவேண்டும். பத்து வயது தாண்டிய பிள்ளை தானே பாங்கில் கணக்கு வைத்து நடத்தலாம் என்று ரிசர்வ் பாங்கே 2025-ல் மறுபடியும் சொல்லியிருக்கிறது. ஆகவே அது முடியாத காரியம் இல்லை.

அரசு செய்யும்வரை நாம் என்ன செய்வது? 2015 செப்டம்பரில் நம் தாய்மார்கள் ஒன்பது நாள் மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனசை வாங்கினார்கள். 'பொம்பிளை ஒருமை' என்று நாடு முழுக்கப் பேசினார்கள். அதற்கடுத்த மாதப் பேச்சுவார்த்தையில் நாள்கூலி ரூ. 232-லிருந்து 301-க்கு ஏறியது. அந்த ஒன்பது நாளும் லயத்தில் அடுப்பு மூட்டி, தம்பி தங்கைக்குச் சோறு போட்டு, மாட்டுக்குப் புல் அறுத்தது யார்? எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, நாமும் எழுதவில்லை. அந்தப் போராட்டத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

முதல் காரியம், கல்யாணம் பேசுவதை நிறுத்த வேண்டும். ஆமாம், நம்மைத்தான் சொல்கிறோம். பெண்பிள்ளை தனியாக இருக்கிறது, பாதுகாப்பு இல்லை என்று பதினாறு வயதில் எல்லைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து அனுப்பிவிடுவது பெரியவர்களின் கைகண்ட மருந்தாக இருக்கிறது. பெண்ணுக்கு 18 ஆகாமல் கல்யாணம் செய்வது 2006-ம் வருடச் சட்டப்படி குற்றம். குற்றம் என்பது ஒருபக்கம் இருக்க, அந்தப் பிள்ளை போன பிறகு அதன் தம்பிகள் யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள் என்று யாராவது போய்ப் பார்த்தோமா? அந்தக் கல்யாணங்களுக்குச் சாட்சியாகப் போய் உட்கார்ந்தவர்களில் சங்கத்துப் பெரியவர்களும் உண்டு.

இரண்டாவது, ஒவ்வொரு கிளையிலும் இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு தாய் பொறுப்பாக வேண்டும். யார் என்பதை அந்தப் பிள்ளைகளே சொல்லட்டும். கமிட்டி தீர்மானித்து அனுப்பக்கூடாது. அவர் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் போய் உட்கார வேண்டும். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட நிற்க வேண்டும். தண்ணீர் வரும் திங்கட்கிழமை குடத்தை நிறைத்துவைத்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சமைத்துக் கொடுப்பதைவிட இது முக்கியம். சமைக்க அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் குடித்துவிட்டுப் போகிறவன், உறவுக்காரனானாலும் சங்கத்துக்காரனானாலும், உடனே புகார் போக வேண்டும். 1098 என்ற போன் நம்பரை வீட்டுக் கதவில் எழுதி வையுங்கள். இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. போன் செய்தால் பிரித்துவிடுவார்கள் என்று பிள்ளை பயந்தால், குழந்தைகள் நலக் குழுவின் முன் போகும்போது நமது ஆள் ஒருவர் கூடப் போவார் என்று சொல்லுங்கள். சொன்னால் போக வேண்டும்.

விண்ணப்ப வேலைக்கு, மலையாளம் எழுதத் தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேரைக் கிளைக்குக் கிளை ஒதுக்கக் கேட்கிறோம். சிநேகபூர்வம் விண்ணப்பத்துக்குத் தலைமையாசிரியரைப் பார்க்கப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கடைசியாக, பெயர்களைப் பற்றி. பட்டியல் தயாரிக்கும் தோழர்கள் அதை நமது ஏட்டுக்கு அனுப்ப வேண்டாம், சுவரொட்டியில் போட வேண்டாம், நன்கொடை தருகிறவர்களோடு நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகள் 'ஊருக்குப் போயிருக்காங்க' என்று சொல்லிக் காப்பாற்றி வைத்திருக்கும் வீட்டை நாம் ஊரைக் கூட்டிக் கெடுத்துவிடக்கூடாது. பட்டியல் கிளைச் செயலாளரிடம் இருந்தால் போதும். அடுத்த சந்தா வசூலுக்குப் போகும்போது அந்தக் கோட்டை அழித்து, மூத்த பிள்ளையின் பெயரை எழுதுங்கள். சந்தா எவ்வளவு என்று அந்தப் பிள்ளை கேட்டால், ஒரு ரூபாய் என்று சொல்லி வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள்.